தண்ணீர் கேட்காத செடிகள்

மூன்றாவது ரோஜாவும் செத்துப்போனது. லிஃப்ட் மெக்கானிக் அதைக் குச்சியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, வாசலில் மிச்சமிருந்த மண்ணை முறைத்துப் பார்த்தார். காலை முதல் மாலைவரை வெயில் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை.

"செடின்னா கவனிக்கணும். வெச்சா மட்டும் போதாது" என்றாள் மனைவி. அவள் கணக்கு டீச்சர். ஆறரை மணிக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதைச் சொல்ல நேரம் இருந்தது.

"நாள் முழுக்க லிஃப்டைக் கவனிச்சுட்டு வரேன். வீட்டுலயும் ஒண்ணு 'என்னைக் கவனி'ன்னு நின்னா எப்படி?"

மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் தங்க வந்து, பத்து மாதமாகத் தங்கிவிட்ட மாமியார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் மாப்பிள்ளை எதிரில் பேசுவது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரம்மா தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மண் கலந்துகொண்டிருந்தாள்.

"வெயில் தாங்கணும். பூச்சி வரக்கூடாது. வெட்டி விடுற வேலை இருக்கக்கூடாது. உரம் கிரம்னு கேக்கக்கூடாது" என்றார்.

"செடிதான வேணும் உங்களுக்கு?"

"செடிதான்."

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு அரளியையும் இரண்டு காகிதப்பூவையும் எடுத்து வைத்தாள். "வெயில்லயே வளர்ந்த சாதி. வேர் பிடிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் தவறாம தண்ணி ஊத்துங்க. அதுக்கப்புறம் தண்ணியே கேக்காது."

மெக்கானிக்கின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது.

அன்றே நட்டார். நட்ட கையோடு மறந்தும் போனார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது தோளில் ஏதோ உரசியது. திரும்பிப் பார்த்தால் காகிதப்பூ, கொத்துக் கொத்தாக. அரளி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வந்து நின்றார். "என்ன போடுறீங்க இதுக்கு?"

"ஒண்ணுமே போடலை சார். தண்ணிகூட ஊத்தலை. செடியைக் கெடுக்கிறதே நாமதான்."

போஸ்ட்மாஸ்டர் அதே நர்சரியில் அதே செடிகளை வாங்கி வந்தார். மூன்று வாரத்தில் அவை விறகாயின.

"தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று மெக்கானிக் விசாரித்தார்.

"ஒரு சொட்டு ஊத்தலை."

"அடிக்கடி பார்த்தீங்களா?"

போஸ்ட்மாஸ்டர் தயங்கினார். "பார்த்தேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"அதான். அதை விட்டுடணும் சார், அது பாட்டுக்கு இருக்கும்."

தெருக்கோடி டெய்லரம்மா பார்க்காமலேயே வளர்த்தாள். அவளுடைய செடியும் போனது. அது மண்ணின் கோளாறு என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார். குடியிருப்போர் சங்கம் அவரைக் கூப்பிட்டு, பஸ் நிறுத்தத்தின் பின்னால் காய்ந்து கிடந்த நீளத் துண்டு நிலத்தை ஒப்படைத்தது. அங்கே இருபது செடிகள் நட்டார். யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அட்டையில் எழுதி நட்டும் வைத்தார். மாதம் முடிவதற்குள் அந்த அட்டை மட்டும்தான் நேராக நின்றது.

சங்கத் தலைவர் நேரில் வந்தார். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் செஞ்சோம்."

மானம் போகிற விஷயமாகிவிட்டது. மெக்கானிக் அந்த இருபதையும் பிடுங்கித் தொட்டிகளில் வைத்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். "தப்பு செடி மேல இல்லைன்னு காட்டுறேன்" என்றார். உள்ளுக்குள் அவருக்கே நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டே போய்வந்தார்.

ஆறாவது வாரம் இருபதில் பதினேழு துளிர்த்திருந்தது.

"கைராசி" என்றார் போஸ்ட்மாஸ்டர். அந்த வார்த்தை தெருவைத் தாண்டிப் போனது. மறுநாளே அவர் தன் விறகுகளைக் கொண்டுவந்து வைத்தார். டெய்லரம்மா ஒரு வாளியில் வேரோடு எதையோ கொண்டுவந்தாள். அது என்ன செடி என்று அவளுக்கே மறந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஆட்டோவில் தொட்டி இறக்கினார்கள். வாசலில் நாற்பத்தொரு செடி சேர்ந்தது. ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற முடியவில்லை. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டின் தலைமேல் நின்று கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தவருக்கு, "நம்ம செடி எப்படி இருக்கு?" என்று போன் வந்தது.

"வேலையே இல்லாத செடின்னு சொன்னீங்க" என்றாள் மனைவி, தொட்டிகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டியபடி.

"செடியால வேலை இல்லை. மனுஷங்களாலதான்."

வருகிறவர்களைச் சமாளிக்க ஒரே வழிதான் தோன்றியது. அடுத்த மாதம் முதல் தேதி எல்லோரும் வந்து அவரவர் செடியைப் பச்சையாக எடுத்துப் போகலாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சங்கத் தலைவர் அதை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கூடவே, அன்று மாலை 'செடியும் பொறுமையும்' என்ற தலைப்பில் மெக்கானிக் பேசுவார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தேதிக்கு இருபது நாள் இருக்கும்போது, மகன் வீட்டுக்குப் போவதாக மாமியார் மூட்டை கட்டினார். முட்டி வலி தாங்கவில்லை, கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்றார்.

"இங்க ஓய்வாத்தானம்மா இருந்தே" என்றாள் மனைவி.

டாக்சி வந்து நின்றது. மெக்கானிக் மரியாதைக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பேசப்போகும் உரையின் முதல் வரியை மனதில் ஓட்டியபடி தொட்டிகளைச் சுற்றி வளைந்து வாசலுக்கு வந்தார். மாமியார் காரில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, கதவைச் சாத்தப்போன கையை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, நாளையிலேர்ந்து விடியக்காலம் பதினாறு வாளி, மத்தியானம் பதினாறு வாளி, நீங்கதான் ஊத்தணும். செடி பூத்த அன்னைக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க நாலு பேருக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுட்டீங்க, நடுவுல எப்படிப் பேசுறதுன்னு விட்டுட்டேன்."