அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

கடல் அறிவியலும் கடல்வளப் பாதுகாப்பும் மாணவர்க்குச் செவ்வனே கற்பிக்கப்படுகின்றனவா என்று நேரில் ஆய்ந்து சான்றளிக்கும் பொருட்டு, தொமாசி என்ற அதிகாரி தலைநகர் சுவாவிலிருந்து படகில் வந்து இறங்கினார். காலில் பளபளக்கும் தோல் ஷூ.

டீச்சர் லவேனியா மூன்று வருடமாக எதிர்பார்த்த நாள் அது. ஊரார் பவளப்பாறையின் ஒரு மூலையைப் பள்ளிக்கு ஒதுக்கி, அங்கே யாரும் எதையும் பிடிக்கக் கூடாதென்று தடை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ராட்சதச் சிப்பி, சுற்றிலும் சின்னதாக ஐந்து. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் முங்கிப் பெரியதை அளந்து நோட்டில் எழுதினார்கள். கடைசி அளவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். தடை இந்த மாதத்தோடு முடிகிறது. தொமாசி கையெழுத்துப் போட்டால்தான் நீளும்.

"வாங்க சார், தண்ணி இடுப்பளவுதான்."

"பணி நேரத்துல கடல்ல இறங்கக் கூடாதும்மா. விதி இருக்கு."

"நீங்க கடல் அதிகாரிதானே?"

"அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கோம்."

"பிள்ளைங்க அளந்த நோட்டு இருக்கு சார்."

"அவங்க யார் அனுமதியில இறங்கினாங்க?"

லவேனியா நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சிப்பியை நான் கண்ணால பார்க்கணும். பார்க்காம கையெழுத்துப் போட்டா மோசடி."

விருந்தாளி கேட்டதை இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஊர்த்தலைவர் எபேலி நாலு பேரைப் பார்த்துத் தலையசைத்தார். "அண்ணே, வேண்டாம்" என்று லவேனியா சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் தண்ணீரில் இருந்தார்கள்.

பாயில் வைத்த சிப்பியைத் தொமாசி டேப்பால் அளந்தார். "அறுபத்திரண்டு. ரொம்பத் துல்லியம்."

"சீக்கிரம் போடுங்க சார். திரும்பக் கொண்டுபோய் வைக்கணும்."

"உயிரினத்தைக் கடல்ல விடுறது வேற பிரிவும்மா. அனுமதி வர ஆறு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"கரையில பத்திரமா வச்சிருங்க."

எபேலி யோசித்தார். "ஆறு வாரம் நாற விடுறதுக்கு, தேங்காய்ப்பால்ல போட்டா அதுக்கும் மரியாதை, சாருக்கும் மரியாதை."

தொமாசி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சமைப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

லவேனியா முதலில் தட்டைத் தள்ளி வைத்தாள். கையெழுத்து ஆன பிறகு ஒரு துண்டு எடுத்தாள். அப்புறம் இன்னும் இரண்டு.

தடை ஐந்து வருடத்துக்கு நீண்டது. சிப்பியின் ஓட்டை வகுப்பு ஜன்னலில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்ததும் அலேசி என்ற மாணவி அதை அளந்தாள்.

"அதே அறுபத்திரண்டுதான் டீச்சர். வளரவே இல்லை."

"அப்படியே எழுது."

பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. வருட முடிவில் அளவுகள் சுவாவுக்குப் போயின. பதில் வந்தது: சிப்பியின் வளர்ச்சி முற்றிலும் நின்றுவிட்டமை இத்துறையின் ஆழ்ந்த கவலைக்குரியது. தடை பத்தாண்டுகளாக உயர்த்தப்படுகிறது. காரணத்தை நேரில் ஆராய ஐந்து அதிகாரிகள் அனுப்பப்படுகிறார்கள்.

எபேலி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அஞ்சு பேரா? சின்னதும் அஞ்சுதானே இருக்கு, டீச்சர்?"

லவேனியா கடலைப் பார்த்தாள்.

"எலுமிச்சை நிறைய பறிக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள். "போன தடவை புளிப்பு பத்தலை."