எந்தப் பல்லிலிருந்தும் தொடங்கலாம்

அர்த்த மறுப்பர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இலக்கியக் கூட்டத்தில் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவர் எப்போது "இந்தக் கதை என்ன சொல்கிறது என்றால்" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்து, ஆரம்பித்த மாத்திரத்தில் மெல்லிசாக ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அவர்தான். "கதை சொல்லுதாமே! கதை எப்படிங்க சொல்லும்?" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்பார். பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்தால் அன்றைய மாலை அதோடு போயிற்று.

எழுதி முடித்த நிமிஷமே எழுதியவன் செத்தான், இனி வாசகன் வைத்ததே சட்டம். சொல்லுக்குள் தோண்டிப் பார்த்தால் இன்னொரு சொல்தான் இருக்கும், அதற்குள் தோண்டினால் தோண்டுகிறவனுக்கு இடுப்பு வலிதான் மிச்சம். கதைக்குத் தொடக்கம் கூடாது, முடிவு கூடாது, நடுவில் ஏதாவது புரிந்துவிட்டால் அது அச்சுப்பிழை. இதுதான் இவர்களுடைய கொள்கை. கொள்கை என்று சொன்னால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறார். கண்ணில் படுவதையெல்லாம், வாசிக்கக் கிடைத்த நூல் என்ற பொருளில், 'பிரதி' என்பதால் அங்கே அவருக்குப் 'பிரதி சார்' என்றே பெயர். கடையில் தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது என்று ஒரு துணிக்கடைக்காரர் வந்து அழுதால், "எல்லாம்னு எதைச் சொல்றீங்க?" என்று கேட்பார். அதுதான் அலுவலக விதி போலிருக்கிறது என்று அந்த மனிதரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டை, போர்வை, தலையணை உறை என்று சொல்லத் தொடங்குவார். "போர்வைன்னா?" என்பார் பிரதி சார். மேலதிகாரிக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். இவர் மேசைக்குப் போன எந்த விண்ணப்பமும் பணமாகத் திரும்பி வந்ததில்லை. ஆனால் தம்முடைய சம்பளத்தை மட்டும் பிரதி சார் ஒருநாளும் 'சம்பளம்னா?' என்று கட்டுடைத்தது கிடையாது.

வீட்டில் மனைவி. பாவம், நேராகப் பேசுகிற அம்மாள்.

"என்னங்க, உப்பு சரியா இருக்கா?"

"சரிங்கறதை யார் தீர்மானிக்கறது?"

"சாப்பிடறவங்கதான்."

"அப்போ சமைச்ச நீ செத்தாச்சு. இனிமே உப்பு என்னோட வாசிப்பு."

செத்துப்போன அம்மாள் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அவருக்கு நகை ஆசை இல்லை, புடவை ஆசை இல்லை. தான் கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே ஒரு பதிலைச் சாவதற்குள் இந்த மனிதரிடம் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பிரதி சார் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். "இதை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம், எதைப் பிடுங்கி எறிந்தாலும் ஒன்றும் குறையாது" என்று முன்னுரையில் இருக்கிறது. பின்பாதி உண்மை. வாங்கியவர்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் முழுக்கப் படித்தார். படித்ததோடு விட்டாரா? நம்பியும் தொலைத்தார். அவர் ஒரு பல் மருத்துவர்.

வினை சும்மா விடுமா? போன மாதம் பிரதி சாருக்குப் பல்வலி வந்தது. கீழ் வரிசையில் கடைசிப் பல். கன்னம் ஒரு பக்கம் வீங்கிப் போயிற்று. "வலிக்குதாங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "வலிங்கறது ஒரு..." என்று ஆரம்பித்தவர், மீதியைச் சொல்ல முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள்தான் வண்டி பிடித்து அழைத்துப் போனார். இனி நான் சொல்வதெல்லாம் அந்த அம்மாளும் மருத்துவரும் சொல்லக் கேட்டது.

ஆளைப் பார்த்ததும் மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், நீங்களா! உங்க நாவலைப் படிச்ச பிறகுதான் சார் என் தொழிலே எனக்குப் பிடிபட்டுச்சு!"

இதைக் கேட்ட உடனே ஓடியிருக்க வேண்டும். புகழ்ச்சி யாரை விட்டது? மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிரதி சார் நாற்காலியில் சாய்ந்தார். கீழ்த்தாடை மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று.

"கீழ, கடைசிப் பல் டாக்டர்."

"கடைசியா?" மருத்துவர் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். "முதல், கடைசிங்கற வரிசையை ஒழிச்சதே நீங்கதானே சார்? எந்தப் பல்லிலிருந்தும் தொடங்கலாம்."

"இல்ல டாக்டர், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"சொல்ல வர்றதை நான் கேட்கக் கூடாது சார். வாயைத் திறக்கிற வரைக்கும்தான் அது உங்க வாய். திறந்துட்டா என்னோட வாசிப்பு."

திறந்த வாயில் பஞ்சை அடைத்தார். பிரதி சார் பதறிப்போய், "ங்ஆ... ஆங்... ங்ஙா!" என்றார். மருத்துவர் கண்ணை மூடி ரசித்தார். "ஆகா, அர்த்தத்தோட கறையே படாத மொழி சார்! அப்படியே உங்க ஏழாவது அத்தியாயம்." பிரதி சார் விரலால் பல்லைக் காட்டினார். "விரல் பல்லைத்தான் காட்டுதுன்னு எதை வச்சு நம்பறது?" என்று கேட்டுக்கொண்டே மருத்துவர் இடுக்கியை எடுத்தார். "எல்லாரும் வலிக்கிற பல்லையே மையத்துல வைக்கிறாங்க சார். வலிக்காத பல்லோட குரலை என்னிக்காவது யாராவது கேட்டிருக்காங்களா?"

ஊசி போட்டது கீழே. பல் போனது மேலே. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத, வெள்ளை வெளேரென்ற பல்.

அப்போதுதான், நாவல் எழுதிய அன்றே செத்துப்போன ஆசிரியர் நாற்காலியில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பஞ்சைத் துப்பினார். "யோவ்! இந்தப் பல்லுய்யா! கீழ, கடைசி! வலிக்குதுன்னா வலிக்குது! வேற அர்த்தமே கிடையாது! நான் சொல்றேன், நான்தான்யா சொல்றேன்!"

மருத்துவர் முகம் வாடிவிட்டது. "நீங்களும் இவ்வளவுதானா சார்?" என்றார். அந்த மனவருத்தத்திலேயே சரியான பல்லைப் பிடுங்கினார். கூச்சல் கேட்டு உள்ளே ஓடி வந்த மனைவி, தட்டில் கிடந்த இரண்டையும் பார்த்து, "அப்போ இந்த நல்ல பல்லு?" என்று கேட்டார்.

"அதுவும் ஒரு வாசிப்புதாம்மா."

வண்டியில் வரும்போது, பழக்க தோஷத்தில், அந்த அம்மாள் கேட்டார்: "வலிக்குதாங்க?"

பிரதி சார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஆமா" என்றார்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கேட்ட எனக்கும்தான். ஆனால் ஆசை யாரைச் சும்மா இருக்க விடுகிறது? "ரொம்பவா?" என்று இன்னொன்றும் கேட்டுவிட்டார்.

"ரொம்பன்னு எதைச் சொல்ற?"

இப்போது பிரதி சார், இல்லாத பல்லே அதிகம் பேசுகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசி வருகிறார். வாயைத் திறந்து ஆதாரமும் காட்டுகிறார்.

யாரோ ஒருவரின் கதை என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் அந்த மேல் பல் எதற்குக் குறியீடு என்று நடுவில் ஒரு கணம் யோசித்தீர்களே, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பல் என்றால் பல்தான் ஐயா, வேறு அர்த்தமே கிடையாது. இல்லை, அதில் ஏதோ இருக்கிறது என்று இன்னும் தோன்றினால் உங்கள் இஷ்டம். புத்தகமே படிக்காத பல் மருத்துவர் ஒருவரை மட்டும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.