இஞ்சினின் இடது பக்கம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நான் நலம் என்று சொல்வதற்கில்லை. அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அப்பாவின் காரை வைத்திருப்பவருக்கு என்ன குறை. அப்பா கண்ணை மூடிய கையோடு நீங்கள் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அன்றே, இனி உங்களோடு ஃபோனில் பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதால் இந்தக் கடிதம். விஷயம் ஒன்றுதான். காரை எனக்குக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைச் சிரிக்காமல் படிக்கவும்.

நீங்கள் தராததால் நானே ஒரு கார் செய்துகொண்டேன். அதே மாடல், அதே பச்சை, ஒரு செருப்பின் நீளம். பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து ஒட்ட வேண்டும். வெளிப்புறத்தை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். இஞ்சின்தான் வேலை. அடிப்பாகத்துக்கு மங்கிய வெள்ளி, பிளக் வயருக்குப் பழைய இயர்ஃபோனிலிருந்து உருவிய கம்பி, கடைசியில் கறுப்பு பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் பல வருடம் ஓடிய அழுக்கு வந்து உட்கார்ந்துவிடும். "பானெட்டை மூடிட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் உங்கள் தம்பி மனைவி. எனக்குத் தெரியும் என்றேன். "உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா என்ன" என்று போய்விட்டாள். இருந்தது. அப்பா இஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் வலது பக்கம் நின்று டார்ச் பிடித்தவன் நான். இடது பக்கம் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பதவி மூத்த மகனுக்கு. ஆகவே இடது பக்கத்தை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. உங்களிடம் ஒரு ஃபோட்டோ கேட்க மானம் இடம் தரவில்லை. குத்துமதிப்பாக அடித்துவைத்தேன்.

மறுநாள் காலை இடது பக்கம் மட்டும் மாறியிருந்தது. நான் வெள்ளி அடித்த குழாயில் துரு. நேராக விட்ட வயரை வளைத்து யாரோ துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணி ஒரு கடுகு அகலம். மனைவியிடம் கேட்டால், "எனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. யாரா இருந்தா என்ன, உங்களைவிட நல்லா அடிச்சிருக்காங்க" என்கிறாள். அவமானம் தாங்காமல் தின்னரால் துடைத்து மறுபடி அடித்தேன். மறுபடி துரு வந்தது. மூலையில் பசை போட்டு ஒட்டிய பேட்டரி அடுத்த மூலைக்குப் போயிருந்தது, பழைய இடத்தில் பசைத் தடம்கூட இல்லை. அறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தேன். விடிந்ததும் வண்டிக்கு அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு. மோந்து பார்த்தேன், எரிந்த ஆயில். பிளாஸ்டிக் இஞ்சினுக்கு ஆயில் ஏது? பானெட்டைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. அதிலிருந்து அவள் அந்த அறையைப் பெருக்குவதில்லை. "நான் பெருக்கும்போது உள்ள இருக்கிறவங்க காலைத் தூக்கிக்கிட்டா நான் என்ன பண்றது?"

யோசித்துப் பார்த்தேன். இடது பக்கம் தெரிந்தவர் யார்? அப்பா. உங்கள் ஷெட்டில் உறை போட்டுக் கிடக்கும் நிஜக் காரை விட்டுவிட்டு, "நீ வெளிச்சத்தை ஆட்டாம பிடி, அது போதும்" என்று ஆயுள் முழுக்க என்னிடம் சொன்ன மனிதர் என் வீடு தேடி வந்து வேலை பார்க்கிறார். இதைவிடப் பெரிய உயில் வேண்டுமா? இந்த மாதத்துக்குள் கார் என் வாசலில் நிற்க வேண்டும். டேங்கை நிரப்பி அனுப்பவும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். நான் ஒட்டிய டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கிறது. அப்பா ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்து ஓட்டுகிறவர்; அவருக்குப் பெடல் எட்டாது. நம் வீட்டில் அவ்வளவு நீளமான கால் உனக்குத்தான். இடது பக்கம் தெரிந்த இன்னொருத்தனும் நீதான். உன் நம்பருக்குப் போட்டேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது. அண்ணி நம்பரும் அப்படியே. அண்ணா, கார் எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன், பஸ் ஏறப்போகிறேன். கதவை நீதான் வந்து திறக்கணும்.