கரி பூசிய எறும்புகள்

அரும்புநாடு எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தது என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு நல்லது நடந்ததில்லை. நாடு முழுவதும் ஒரே மல்லிகைத் தோட்டம். அரசர் உண்டு, அமைச்சர் உண்டு, பூப்பறிக்கும் குடிகள் உண்டு. இவர்கள் எல்லோரையும்விட அதிகமாக எறும்புகள் உண்டு.

செவ்வெறும்பு கடிக்கும். கறுப்பான பிள்ளையார் எறும்பு கடிக்காது. சாமி எறும்பு என்று அதை யாரும் நசுக்கவும் மாட்டார்கள். பூப்பறிக்கும் வடிவாச்சி கைக்குழந்தையை வேப்பங்கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வாள். எறும்பு இறங்காமலிருக்கக் கயிற்றில் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றிவைப்பாள். பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அப்படிப் பிரச்சினை இல்லாமல் இருந்தபோதுதான் பிரச்சினையைத் தீர்க்க அரசு முன்வந்தது.

எறும்புத்துறைக்குச் சொல்விளங்கும்பெருமாள் அமைச்சரானார். முதல் ஆணை: செவ்வெறும்புகள் நாடு கடத்தப்படும், பிள்ளையார் எறும்புகள் அரசின் பாதுகாப்பில் வாழும். குடிகள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயுமுன் செவ்வெறும்புகள் அரண்மனை அடுப்படிக்குப் போய்க் கரியில் புரண்டு கறுப்பாகத் திரும்பின. அமைச்சரே வாசலில் நின்று, வாருங்கள் பிள்ளையார் எறும்புகளே என்று வரவேற்றார். பழையதைக் கிளறுவது பண்பாடல்ல என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு கடி கூடியது. பிள்ளையார் எறும்பு கடிக்காது என்பது ஊரறிந்த உண்மை, ஆகவே உங்களுக்கு வீங்கவில்லை என்று, வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டே அதிகாரிகள் விளக்கினார்கள். தலையில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை. கை அவ்வளவு வீக்கம். அடுத்த ஆணை வேப்பெண்ணெய்க்குத் தடை போட்டது. தூளிக் கயிறு பிள்ளையார் எறும்புகளின் பரம்பரைப் பாதையாம்.

ஒருநாள் வடிவாச்சியின் பிள்ளை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் தடிப்பு. பிஞ்சுக் கைக்கு அடியில் இரண்டு எறும்புகள் நசுங்கிக் கிடந்தன. காவலர்கள் வந்து பிள்ளைமேல் கொலை வழக்குப் பதிந்தார்கள். எனக்கும்தான் வயிறு எரிகிறது. ஆனால் நடந்தது இதுதான்.

விசாரணைக்கு அமைச்சரே தோட்டத்துக்கு வந்தார். சாட்சி எறும்புகள் தாம்பாளத்தில் வீற்றிருந்தன. வடிவாச்சி வாதாடவில்லை. செடிக்கு ஊற்ற வைத்திருந்த குடத்தைத் தூக்கித் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். கரி கரைந்து ஓட, எறும்புகள் செக்கச்செவேலென்று தத்தளித்ததை ஊரே பார்த்தது.

"இப்பச் சொல்லுங்க சாமி, எம் புள்ளையக் கடிச்சது யாரு?" என்றாள்.

அமைச்சர் அசரவில்லை. "பிள்ளையார் எறும்புகளின் நிறத்தையே பறித்துவிட்டாய். இக்குற்றத்தில் தண்ணீருக்கும் பங்குண்டு" என்றார்.

பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அது எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. தண்ணீருக்கு அன்றே தடை வந்தது. செடிகள் கருகின. முந்தைய அரசர் நட்ட செடிகள் வேறெப்படி இருக்கும் என்று அரண்மனை அறிக்கை விட்டது.

பறிக்கப் பூவே இல்லாமல் போன ஒரு மாலை, மேற்கே மேகம் திரண்டது. வடிவாச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டிலிருந்த குடம், அண்டா, சட்டி எல்லாவற்றையும் வெளியே இழுத்துவைத்தாள். தெருவில் எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

அரண்மனை மாடத்தில் அரசர் சற்றுக் கலங்கித்தான் நின்றார். அமைச்சர் வானத்தை நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"கவலை வேண்டாம் மன்னா. கறுப்பாகத்தான் வருகிறது. நம்மவர்தான்."