டயருக்குப் பிறந்த நாள்

"டயருக்குப் பிறந்த நாள் உண்டா?"

கேட்டவள் மாலி. வயது ஆறு. கேட்ட இடம் எம்லினின் காருக்கு அடியில். வெளியே தெரிந்தவை இரண்டு மழைக்கால பூட்ஸ்கள் மட்டும்.

"வெளியே வாம்மா, கவுன் அழுக்காயிடும்," என்றார் எம்லின். "டயருக்கு ஏது பிறந்த நாள்? கேக் வெட்டினா யார் திங்கிறது?"

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை மாலியின் சித்தி கேட்ரினுக்குக் கல்யாணம். பென்ட்ரெவார் கிராமத்தில் இருபத்தைந்து வருடங்களாக எந்த மணப்பெண்ணும் வேறு வண்டியில் தேவாலயத்துக்குப் போனதில்லை. எம்லினின் 1934ஆம் வருடத்துக் காரில்தான் போவாள். காருக்கு டிலிஸ் என்று பெயர். தேவாலயம் மலைமேல் இருந்தது. போகும்போது அப்பாவுடன் ஏற்றம், வரும்போது மாப்பிள்ளையுடன் இறக்கம். எம்லின் வாங்கிக்கொள்வது ஒரு துண்டு கல்யாணக் கேக்.

கல்யாண உடுப்போடு காருக்குள் உட்கார இடம் போதுமா என்று பார்க்கத்தான் கேட்ரின் வந்திருந்தாள். கூடவே மாப்பிள்ளையின் அத்தை ஓல்வென். வண்டிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பது டவுனில் அவளுக்கு வேலை.

"குழந்தை சரியாத்தான் கேக்குறா," என்றாள் ஓல்வென். "ஒவ்வொரு டயர்லயும் நாலு நம்பர் இருக்கும். முதல் ரெண்டும் பிறந்த வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். இந்த டயருக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு!" என்றார் எம்லின், பேரன் பரீட்சையில் தேறியதைச் சொல்வதுபோல. "ஒரு பஞ்சர் கிடையாது. டயர் மேல வரிவரியா இருக்கே, அந்தப் பட்டனைப் பாருங்க, நேத்து வாங்கின மாதிரி இருக்கும்."

"பட்டன் தேயறது ஓடுற வண்டிக்கு. உங்க வண்டி வருஷத்துக்கு இருநூறு மைல் ஓடுமா? இதுல டயர் தேயாது, இருந்த இடத்துலயே கிழடாயிடும். பத்து வருஷம் தாண்டினா ரப்பர் விறைச்சு, உள்ளுக்குள்ள விட்டுப்போகும். இருபத்தஞ்சு வருஷ டயர்ல நான் ஒரு ஆட்டைக்கூட ஏத்த மாட்டேன்."

"ஆட்டைக் கேட்டுப் பாருங்க. டிலிஸ்லதான் ஏறுவேன்னு அடம்பிடிக்கும்."

ஓல்வென் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "வெளிப்பக்கம் நம்பர் இல்ல. உள்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்கணும். இன்னிக்கு நல்ல பாவாடை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலை உடுப்போட வர்றேன். பார்த்துட்டுத்தான் எங்க வீட்டு மருமக ஏறுவா."

எம்லினுக்கு இது மானப் பிரச்சினை. காரணம் இருந்தது. பழைய கார் சங்கத்தில் சென்ற வருடம் அவர் ஒரு சொற்பொழிவே ஆற்றியிருந்தார். டயரை மழைத் தண்ணீரில் கழுவ வேண்டும், ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பைத் தடவ வேண்டும், பழைய திரைச்சீலையால் மூடி வைக்க வேண்டும், அப்படிச் செய்தால் டயருக்குச் சாவே கிடையாது என்று சொல்லி, சான்றாக டிலிஸைக் காட்டினார். பலத்த கைதட்டல். அதன்பிறகு பக்கத்து மூன்று பள்ளத்தாக்குகளிலும் பழைய கார் எது போனாலும், கொழுப்பு வாசனையை மோந்து, ஆடு மேய்க்கும் நாய்கள் அதைத் தப்பிய ஆடு என்று நினைத்து வளைத்துப் பட்டிக்கு ஓட்டப் பார்த்தன.

வியாழன் காலையில் எம்லின் காருக்கு அடியில் நுழைந்தார். நுழையும்போதே மூக்குக்கண்ணாடி கழன்று கொழுப்பு டப்பாவுக்குள் விழுந்தது. போகட்டும் என்று விரலால் தடவினார். டயரின் உட்புறத்தில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளம், அதற்குள் நாலு மேடுகள். படித்துப் பார்க்க என்ன இருக்கிறது? வாங்கியவர் அவர்தானே! நம்பர் இல்லாவிட்டால், இருபத்தைந்து என்றது சும்மா பெருமைக்கு என்று சமாளித்துவிடலாம். மனைவி நெஸ்டா பாதம் தேய்க்கும் கல்லை எடுத்து வந்து தேய்த்தார். நாலு சக்கரத்திலும் நாலு மேடுகளும் மறைந்தன.

அந்த இடங்கள் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. பூட்ஸ் பாலிஷ் பூசினார். கம்பளிக் கொழுப்பின்மேல் பாலிஷ் காயுமா? காயவில்லை. வழிந்தது. வழிந்ததைப் பூனை மிதித்தது. மிதித்த பூனை நேராகச் சமையலறைக்குப் போய், நெஸ்டா இஸ்திரி போட்டு விரித்திருந்த வெள்ளைக் கல்யாண ரிப்பன்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உலாத்தியது.

"எம்லின்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பூனை ரிப்பன்ல கையெழுத்துப் போட்டிருக்கு. என் பாதம் தேய்க்கிற கல்லு கரியா இருக்கு. எது எதுக்குச் சம்பந்தம்னு நானே கண்டுபிடிக்கணுமா, நீயே சொல்றியா?"

"ஒண்ணுமில்லம்மா. சின்னத் துப்புரவு வேலை."

"உனக்குப் பொய்யும் வராது, கணக்கும் வராது. பால் போட்ட காலத்துல தினமும் ரெண்டு பாட்டில் மீந்துபோச்சு, மூணு பாட்டில் மீந்துபோச்சுன்னு வந்து நிப்பே. முப்பது வருஷம் எண்ணியும் பாட்டில் எண்ணத் தெரியாத மனுஷன் நீ ஒருத்தன்தான்."

எம்லின் டெக்வினின் பட்டறைக்கு நடந்தார். டெக்வினுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. நவம்பர் வந்தால் டிலிஸை நாலு மரக்கட்டைகள்மேல் நிறுத்தி, ஐந்து சக்கரங்களையும் கழற்றி டெக்வினின் உலர்ந்த பரணில் வைப்பார்கள். மார்ச்சில் அவனே கொண்டுவந்து மாட்டிவிடுவான்.

"டெக்வின், டிலிஸ் அளவுக்கு நாலு டயர் கிடைக்குமா? எனக்கில்ல. ஒரு சிநேகிதனுக்கு."

"அந்த அளவு டயர் யார் கடையிலயும் சும்மா கிடக்காது. சொல்லி வச்சாத்தான் வார்ப்பான். மூணு வாரம் ஆகும்." டெக்வின் அவருடைய கால்சட்டையில் இருந்த கறுப்புப் பாதச் சுவட்டைப் பார்த்தான். "உங்க சிநேகிதன் வீட்டுல பூனை இருக்கா?"

"இருக்கலாம்."

"நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. அவர் டயருக்கு ஒண்ணும் ஆகாது."

இவனும் நம் சொற்பொழிவை நம்பிவிட்டான் என்று நினைத்தபோது எம்லினுக்கு முதன்முறையாகப் பெருமையாக இல்லை.

கடைசி வழி, அடுத்த பள்ளத்தாக்கில் இருந்த மைரிக். அவனிடமும் இதே மாதிரி வண்டி. தொலைபேசியை வைத்த அரைமணி நேரத்தில், இரட்டைப் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, காற்றாய்ப் பறந்து வந்தான்.

"நாலு சக்கரமும் எடுத்துக்குங்க! உங்களுக்கு இல்லாததா?"

எம்லின் குனிந்து பார்த்தார். வேறு கண்ணாடி போட்டிருந்தார், நன்றாகவே தெரிந்தது. ரப்பர் முழுவதும் வெடிப்பு. ஒரு வெடிப்பில் சுண்டுவிரல் நகம் உள்ளே போயிற்று.

"மைரிக், இது எந்தக் காலத்து டயர்?"

"எங்கப்பா போட்டது. போன வருஷமே மாத்தியிருப்பேன். நல்லவேளை, உங்க பேச்சைக் கேட்டேன்! இப்போ வாராவாரம் கொழுப்புதான்."

பின் இருக்கையிலிருந்து இரட்டையர்கள் கை ஆட்டினார்கள். எம்லினுக்கும் கை ஆட்டத்தான் ஆசை. கை எழவில்லை.

"சாவியைக் குடு," என்றார். "இந்த வண்டி இங்கேயே நிக்கட்டும். நெஸ்டா உங்களைத் தன் வண்டியில கொண்டுவந்து விடுவா. நான் பேசினது அத்தனையும் வாய்ச்சவடால், மைரிக். டயரை மாத்து. சங்கத்துல எல்லாருக்கும் நானே சொல்றேன்."

அவர்கள் போனபின் கொட்டகையிலேயே மண்டியிட்டார். "ஆண்டவரே, பழசை வச்சிருக்கேன்னு நான் என்னிக்கும் வெக்கப்பட்டதில்ல. இப்போ ஒரு புதுப் பொய்யை வச்சிருக்கேன். இதை என்கிட்டருந்து எடுத்துக்கும்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓல்வென் வேலை உடுப்போடு வந்தாள். கேட்ரின், மாலி, புது ரிப்பனோடு நெஸ்டா, ரிப்பன் கட்ட உதவ டெக்வின், எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். ஓல்வென் விரிப்பைப் போட்டுப் படுத்து, காருக்கடியில் நகர்ந்தாள்.

"நம்பர் இல்லையே! நாலு டயர்லயும் யாரோ தேச்சிருக்காங்க."

"நான்தான்," என்றார் எம்லின். "டயருக்கு இருபத்தஞ்சு வயசு. நம்பரும் அதையே காட்டினா நீங்க கேட்ரினை ஏற விடமாட்டீங்கன்னு தேச்சேன். ஏறினா என்ன ஆகும்னு அப்புறம்தான் உறைச்சது. கேட்ரின், கண்ணு, வேற வண்டி பார்த்துக்கம்மா. என் வண்டி வேண்டாம். இந்தக் கிழவனை மன்னிச்சுடு."

கேட்ரினின் கண்கள் நிறைந்தன. "வேற வண்டி வேணாம் எம்லின். நான் நடந்தே போறேன். நீங்க குடை பிடிச்சுட்டு வாங்க."

"தேய்க்கறதுக்கு முன்னால நம்பரைப் படிச்சீங்களா?" என்று காருக்கடியிலிருந்து கேட்டாள் ஓல்வென்.

"படிக்க என்ன இருக்கு? வாங்கினவன் நான்."

"நான் படிச்சேனே!" என்றாள் மாலி. எல்லோரும் திரும்பினார்கள். "புதன்கிழமையே படிச்சேன். ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லா டயர்லயும் அதேதான். தேதி மாதிரி இருந்துச்சு, அதனாலதானே பிறந்த நாளான்னு கேட்டேன்!"

"பதினோராவது வாரம், இருபத்து மூணாம் வருஷமா?" ஓல்வெனின் தலை வெளியே வந்தது. "பாப்பா சொன்னா போதாது. ஸ்டெப்னி எங்கே?"

காருக்குப் பின்னால், உறைக்குள் இருந்தது. அதைத் தேய்க்க எம்லின் மறந்தே போயிருந்தார். நெஸ்டா உறையை உருவ, ஓல்வென் சக்கரத்தைக் கழற்றித் திருப்பினாள். 1123. துளியும் அழியாமல், அச்சடித்த மாதிரி.

"டயருக்கு ரெண்டு வயசுகூட முழுசா ஆகல," என்றாள் ஓல்வென், நாலு சக்கரத்தையும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு. "நாலும் இதே அச்சு, இதே ரப்பர். நீங்க சுரண்டினது மேல்தோல்தான். ஊர்லயே நல்ல வண்டி இதுதான். கேட்ரின், தாராளமா ஏறு!"

கேட்ரின் எம்லினைக் கட்டிக்கொண்டாள். மாலி பிறந்த நாள் பாட்டு பாடினாள், ஒவ்வொரு டயருக்கும் ஒரு முறை, ஸ்டெப்னிக்கு இரண்டு முறை. நெஸ்டா டெக்வினைப் பார்த்தாள். அவன் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

"டீ ஆறுது, எல்லாரும் உள்ளே வாங்க," என்று நெஸ்டா மற்றவர்களை ஓட்டிக்கொண்டு போனாள்.

கொட்டகையில் எம்லினும் டெக்வினும் மட்டும் இருந்தார்கள்.

"நவம்பர்ல பரணுக்குப் போகுது, மார்ச்சுல வருது," என்றார் எம்லின் மெதுவாக. "புது டயர் மாத்தினது இது எத்தனாவது தடவை?"

"மூணாவது. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பீங்க. அப்புறம் நீங்க அவ்வளவு ஆசையா கொழுப்பு தடவிட்டு இருந்தீங்க."

"சொல்லி வச்சாத்தான் வார்ப்பான்னியே! அப்படிப்பட்ட டயரை, இருபத்தஞ்சு வருஷமா, ஒருத்தருக்கும் தெரியாம... எதுக்குடா?"

டெக்வின் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் இடத்தில் மாட்டினான். திருகாணியை முடுக்கினான். உறையை இழுத்து மூடினான்.

"சுரங்கம் மூடின வருஷம், அந்தப் பனிக்காலம் பூரா, எங்கம்மா கதவைத் திறந்தா வாசல்ல ரெண்டு பாட்டில் பால் இருக்கும். ஓடி வந்து கேட்டா, வண்டியை நிறுத்தாமலே ஒரு பதில் சொல்லிட்டுப் போவீங்க," என்றான் கையைத் துடைத்துக்கொண்டே. "எனக்கும் அதே கதைதான், எம்லின். மீந்துபோச்சு."