சிம்னி சாருக்குக் குளிர் வந்த நாள்

தாம்பரத்தில் குளிர்காய ஆசைப்பட்ட ஒரே மனிதர் சிம்னி சார்தான். மே மாதத்தில் தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் ஊர் அது. அங்கே மார்கழி பிறந்ததும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் கணப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கணப்பில் நெருப்பு இருக்காது. ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் நான் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர் அவர். யாரோ ஒரு துரை, சீமையில் தான் பிறந்த மாளிகையை நினைவிலிருந்தே வரைந்து, ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டிய பங்களா. செங்குத்தான ஓட்டுக்கூரை, வளைந்து ஏறும் தேக்குப் படிக்கட்டு, ஹாலில் ஆள் நுழையும் அளவுக்குக் கணப்பு, அதன் மேல் நெடுநெடுவென்று சிம்னி. துரை கப்பலேறியதும் பல கை மாறி லாட்ஜாகிவிட்டது. ரூம் கேட்டு வருபவர் பெட்டியும் கையுமாக இத்தனையையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும். அப்புறம்தான் சாவி.

“கூரை ஏன் இவ்ளோ சரிவு தெரியுமா சார்? பனி விழுந்தா அப்படியே வழுக்கிக் கீழ போயிடும்.”

“தாம்பரத்துலயா?”

“விழுந்தா, இந்த ஏரியாவுல நம்ம லாட்ஜ் ஒண்ணுதான் தப்பிக்கும்!”

முதலாளிக்கு இதெல்லாம் எரிச்சல். “கணப்பையும் சிம்னியையும் இடிச்சா ரெண்டு பாத்ரூம் கட்டலாம்யா. திங்கக்கிழமை கொத்தனார் வர்றார்” என்று சொல்லிவிட்டுப் போனார். சிம்னி சார் சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு எதையும் சுற்றிக் காட்டாமலே சாவியைக் கொடுத்தார். மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்த எங்களுக்கே பயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் முழுக்கக் கல்யாணக் கோஷ்டி. ஐப்பசி மழை அன்று விடிகாலையில் கொல்லையிலிருந்த சமையல் கொட்டகையைச் சாய்த்துவிட்டது. சமையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

“அடுப்பெல்லாம் தண்ணி சார். பத்து மணிக்கு முகூர்த்தம். சோத்துக்கு இன்னா பண்றது? ஒரே பேஜாரா கீது.”

எல்லோரும் கணப்பைப் பார்த்தோம். சிம்னி சார் குரோட்டன்ஸ் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அதைத் துடைத்தாரே தவிர, அதில் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை.

“புகை ஹாலுக்குள்ள வந்துட்டா அவ்ளோதான் சார். இடிக்கறதுக்கு நானே காரணம் காட்டின மாதிரி ஆயிடும்” என்றார் என் காதில்.

சொன்னவர், மறுநிமிஷமே ஏணி போட்டு மழையில் கூரையேறி, சிம்னிக்குள் மூங்கில் கழியை விட்டுக் குடைந்தார். கீழே மூன்று காக்கைக் கூடுகளும் ஒரு சோப்பு டப்பாவும், காணாமற்போன என் ஸ்பூனும் வந்து விழுந்தன.

விறகு பற்றியது. முதலில் புகை ஹாலுக்குள்தான் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை இருமிக்கொண்டே துரையின் பரம்பரையைச் சபித்தார். பிறகு என்ன நினைத்ததோ, புகை திரும்பி விறுவிறுவென்று மேலே ஏறியது. அதன்பின் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிம்னி சார் மழையில் ஓடி, அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

மத்தியானம் முதலாளி வந்தார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கணப்பு இல்லைன்னா என் மானம் போயிருக்கும். சின்னவ கல்யாணமும் இங்கதான்” என்றார். முதலாளி இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டு, “கொத்தனாரை வரவேணாம்னு சொல்லிடுய்யா” என்றார்.

அதற்குப் பிறகுதான் சிம்னி சார் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கைகளை நெருப்புப் பக்கம் நீட்டினார். நிஜமாகவே நடுங்கினார். என் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினேன்.

“குளிருதில்ல சார்?” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

மூன்றாம் பந்திக்கான சாம்பார் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நிமிஷம் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“ஆமா சார், தாங்க முடியல” என்றேன்.