தாசில்தாருக்கு ஒரு மாட்டுப் பொங்கல்

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, உட்பிரிவு, அடங்கல் திருத்தம் என்று எதை எடுத்தாலும் எனக்கு நடைமுறை தெரியும். எந்த மனுவுக்கு எத்தனை பிரதி, எந்த மூலையில் யார் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். (இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.) இப்படிப்பட்ட ஆளின் பொறுப்பில் ஒரு பூனையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. என் மனைவி விசாலம் அதைத்தான் செய்தாள்.

பூனையின் பெயர் தாசில்தார். முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டிவிட்டு, துணைத் தாசில்தாராகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். அந்த மாதமே தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம், வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டுகளோடு ஒரு குட்டி வந்து கத்தியது. விசாலம் அதைத் தூக்கி முந்தானையில் துடைத்து, "இந்த வீட்டுல ஒருத்தராவது தாசில்தார் ஆகட்டும்" என்றாள். பெயருக்கு ஏற்ற பிராணி அது. பத்து மணிக்குமேல்தான் எழுந்திருக்கும். அடுப்படியைத் தணிக்கை செய்யும், சாப்பிடும், கையெழுத்துப் போடாமல் போய்விடும்.

அவனுக்கு விசாலம் மட்டும்தான் மனுஷி. நான் மீனை வேகவைத்து, முள் எடுத்து, தட்டில் போட்டு நீட்டினாலும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பான். ஆடியில் விசாலம் போன பிறகும் அந்தப் பார்வை நிற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் நடைப்பயிற்சி முடிந்து வரும் நேரம் பார்த்து வாசல் கேட்டருகே போய் உட்காருவான். ஆறரை வரை உட்கார்ந்திருப்பான். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்காகக் காத்திருக்க இன்னும் ஒருத்தன் இருந்தான் என்பதுதான் அந்த வீட்டில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல். அவனைப் பத்திரமாக வைத்திருப்பது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன்.

கடமை என்றால் எனக்குத் தெரிந்த விதத்தில். பூனை பராமரிப்பு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, பதினான்கு விதிகளாகத் தொகுத்து, லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பால் கொடுக்கக் கூடாது (ஊரே கொடுக்கிறது, தப்பு). தண்ணீர்ப் பாத்திரம் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். மணல் தட்டைத் தினம் இரண்டு தடவை சுத்தம் செய்ய வேண்டும். நகம் பிராண்ட ஒரு கட்டை வேண்டும், சோபாவைக் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை அதை ஒருநாள் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து தஞ்சாவூரில் வாக்கப்பட்டவள் அவள். பதினான்கையும் கேட்டு முடித்துவிட்டு, இதில் பூனையைத் தடவிக் கொடுக்கணும்னு எங்கேயும் வரலையே என்றாள்.

அந்த வருடப் பொங்கலுக்கு மஸ்கட்டிலிருந்து என் மகள் வித்யா தன் இரண்டு பெண்களோடு வந்தாள். அம்மா இல்லாத முதல் பொங்கல். வீட்டில் சாவு விழுந்த வருடம் பண்டிகை கிடையாது, பானை ஏறாது, கோலத்துக்குக் கலர் கிடையாது. பெரியவள் யாழினி ஒன்பது வயதுக்காரி, புரிந்துகொண்டாள். ஆறு வயது இனியாதான் விமானத்தில் ஏறியதிலிருந்து மாட்டுக்கு மாலை போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். நமக்கு இந்த வருஷம் இல்லைடி என்று வித்யா சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "தாத்தா, பூனைக்கும் இல்லையா?"

என்னுள் இருந்த துணைத் தாசில்தார் விழித்துக்கொண்டார்.

துக்கம் என்பது பங்காளிகளுக்கு. பூனை பங்காளி அல்ல, சம்பந்தியும் அல்ல, வாரிசுப் பட்டியலின் எந்தப் பத்தியிலும் வராது. எனவே பூனையைப் பொறுத்தவரை தடை செல்லாது. மாட்டுப் பொங்கல் என்பது வீட்டில் வளரும் பிராணிக்கு நன்றி சொல்வது. நம் வீட்டில் மாடு இல்லாத நிலையில், இருக்கிற பிராணிக்குச் செய்வதில் ஆட்சேபணை இல்லை. இதைப் பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு இனியாவிடம் கொடுத்தேன். வித்யா அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். அம்மா போனதற்கு அப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் யானைக்கும் உத்தரவு போட்டிருப்பேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையிலிருந்து வீடு பட்டறையானது. காகிதத் தட்டுகளை வெட்டிப் பூனை முகமூடி செய்தோம். மீசைக்குத் தென்னை ஈர்க்குச்சி. பழைய காலுறையில் அரிசித் தவிடு அடைத்து எலி பொம்மை. விசாலத்தின் நைந்துபோன சுங்குடிச் சேலையை மடித்து, டிவி வந்த அட்டைப் பெட்டிக்குள் வைத்துப் படுக்கை. ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிறு சுற்றிப் பிராண்டும் தூண் (விதி எண் ஏழு). கடைசியாக மாலை. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் பக்கம் மாட்டுக்கு நெட்டி மாலைதான். குளத்தில் வளரும் தக்கை போன்ற தண்டை வெட்டிச் சாயமேற்றிக் கோத்திருப்பார்கள். கடைத்தெருவில் கன்றுக்குட்டிக்கு விற்றதை வாங்கிவந்தேன். பூனைக்கு அது பெரிதாக இருந்தது. பெண்கள் அதைப் பிரித்து, நெட்டித் துண்டுகளைச் சின்னதாக நறுக்கி, பளபளவென்று இருந்த ஜிகினா நூலில் திரும்பக் கோத்தார்கள். முடிச்சை நான்தான் போட்டேன். அலுவலகக் கோப்பு கட்டிய கை. அவிழாது.

மதியம் மூன்று மணிக்கு ஊர்வலம். முகமூடி போட்ட இரண்டு பேரும் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, பொங்கலோ பொங்கல், பூனைப் பொங்கல் என்று கத்திக்கொண்டு முன்னால் போனார்கள். நான் தாசில்தாரை ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். மாலையும் நெற்றியில் சந்தனமுமாக அவன் ஜமாபந்திக்கு வந்த கலெக்டர் மாதிரி இருந்தான். வித்யா படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கூடத்தைப் பாதி தாண்டுவதற்குள் அவன் என் முழங்கையில் நாலு கோடு கிழித்துவிட்டு, மாலையோடு கட்டிலுக்கடியில் ஓடிப்போனான். விழா இனிதே முடிந்தது.

சாயங்காலம் கட்டிலுக்கடியில் பெருக்கியபோது நெட்டித் துண்டுகள் எல்லாம் கிடந்தன. நூல் இல்லை. இனியா எடுத்து வைத்திருப்பாள் என்று முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. அன்று ஆறு மணிக்கு அவன் கேட்டருகே போகவில்லை. ஊர்வலத்தில் களைத்துவிட்டான் என்று அதற்கும் ஒரு முடிவு செய்தேன்.

மறுநாள் காணும் பொங்கல். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. வித்யாவுக்குப் பூதலூரில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது, "அப்பா, பேசாம டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க" என்றாள். அரசு கால்நடை மருத்துவமனைக்கு விடுமுறை என்றேன். மெடிக்கல் காலேஜ் பக்கம் தனியார் இருக்கே என்றாள். முதலில் அரசு, அங்கே முடியாவிட்டால் அவர்கள் எழுதிக் கொடுத்துத் தனியார் என்பதுதான் முறை என்று விளக்கினேன். இப்போதைக்கு அவன் என் கண்காணிப்பில் இருக்கிறான் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் படிக்கவில்லை. தாளில் இருந்தால்தான் எனக்குப் படிக்க வரும்.

கண்காணிப்பு என்றால் பதிவேடு. அலமாரியில் ஏற்கெனவே பத்தி பிரித்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று பாதியில் இருந்தது. அதிலேயே அடுத்த பக்கத்தில் தொடங்கினேன். மணி, உணவு, நீர், வாந்தி, குறிப்பு என்று ஐந்து பத்தி. அடுத்த நாள் காலை ஏழு பத்துக்கு, அவன் பின்பக்கம் ஜிகினா நூல் இரண்டு அங்குலம் தொங்குவதைக் கண்டேன். கோப்பிலிருந்து நூல் தொங்கினால் எனக்குப் பொறுக்காது. இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு அறுந்துவிட்டது. அவன் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். குறிப்புப் பத்தியில் "நூல் அகற்றப்பட்டது, நிலைமை சீர்" என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் காலையில் அஞ்சலை வந்தாள். மொபெட்டை நிறுத்தி, வழக்கம்போல் கேட்டிலிருந்தே தாசிலு என்று குரல் கொடுத்தாள். அவள் குரல் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவருகிறவன் வரவில்லை. என்ன சார் என்று உள்ளே வந்து, சேலைப் படுக்கையில் கிடந்தவன் மூக்கருகே ஒரு நெத்திலியை நீட்டினாள். அவன் கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டான். நான் பதிவேட்டை எடுத்துக் காட்ட ஆரம்பித்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"சார், எழுதிக்கிட்டு இருக்கீங்களா, கிளம்புறீங்களா?"

கிளம்பினோம். ஆட்டோ கிடைக்கவில்லை. மீன் பெட்டியிலிருந்த ஐஸையும் மீனையும் என் வீட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, பெட்டியில் துணி விரித்து அவனைப் படுக்கவைத்தாள். அவள் ஓட்ட, நான் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் பேனாவுமாக மீன் பெட்டியோடு போகிற என்னைப் பார்த்துத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். ஒருத்தர் என்ன மீன் என்று கேட்டார். (கேட்க மாட்டாரா பின்னே.) பெட்டி முழுக்க மீன் வாசனை. உலகத்தில் எந்தப் பூனையும் எழுந்து உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. அவன் தலையைத் தூக்கவில்லை. நிலைமை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாள் பதிவேட்டில் அது இல்லை.

தனியார் மருத்துவமனைக்குத்தான் போனோம், யாரும் எழுதிக் கொடுக்காமலே. சீட்டு எழுதுகிற பெண் பேர் கேட்டாள். தாசில்தார் என்றேன். உங்க வேலையைக் கேட்கலைங்க, பூனை பேரைச் சொல்லுங்க என்றாள். அஞ்சலை குறுக்கே வந்து, "அதான் பூனை. சாரு டெபுடி" என்றாள்.

டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள், படம் எடுத்தாள். சுருக்குப்பையில் கயிற்றை இழுத்தால் சுருங்குமே, அந்த மாதிரி குடல் நூலில் கோத்துச் சுருங்கியிருக்கிறது என்றாள். வெளியே தெரிந்த நூலை இழுத்தீர்களா என்று கேட்டாள். லேசாக என்றேன். தொங்குகிற நூலை இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும் என்றாள். நூல் பூனைக்கு ஆபத்து என்று தெரியாதா என்றும் கேட்டாள். தெரியும். விதி எண் பதினொன்று. லேமினேட் செய்திருக்கிறேன்.

எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டதும் பதிவேட்டை நீட்டினேன். அவள் திறந்தது வேறு பக்கம்.

"இதுல மூச்சு வாங்குதுன்னு மூணு நாளா போட்டிருக்கே. பூனைக்கா சார்?"

"இல்லைங்க. அது என் மனைவி."

ஆடி மாதத்துப் பக்கம் அது. மணி, வெப்பம், நாடி, உணவு, குறிப்பு. அதுவும் ஐந்து பத்திதான். அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. விசாலத்தைப் பார்த்த டாக்டர், முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றுதான் சொன்னார். எதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குகிற நான், அதை மட்டும் கேட்டு வாங்கவில்லை.

இந்த டாக்டர் அப்படி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பூனையின் மூன்று நாளையும் பொறுமையாகப் படித்தாள். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். அப்புறம், "முதல் நாளே தூக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

அறுவை சிகிச்சை செய்தார்கள். மதியம் நாலு மணிக்கு முடிந்துபோனான். அஞ்சலை அதே பெட்டியில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவள் வியாபாரம் என் தொட்டியிலேயே கிடந்து நாறியது. கொல்லையில் அவளே குழி வெட்டினாள். வித்யாவும் பெண்களும் பூதலூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சேலையோடு அவனை வைத்து மூடினோம். நூல் கோத்தது நான்தானே என்று யாழினி அழுதாள். முடிச்சுப் போட்டது நான் என்றேன். அது சமாதானமாக வரவில்லை, வாக்குமூலமாகத்தான் வந்தது. இனியா அழவில்லை. தாசிலுக்காகவும் நமக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாதா என்று கேட்டாள். கிடையாதும்மா என்றேன். பணியிலும் ஓய்விலுமாக என் உத்தரவை நானே ரத்து செய்தது அந்த ஒரு முறைதான். வித்யா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அஞ்சலையிடம் அன்று காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அதன் விளைவை நான் இன்றுவரை அனுபவிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும், தும்மலோ பல்வலியோ, முதல் கேள்வி ஒன்றுதான்: எழுதிக்கிட்டு இருக்கீங்களா, கிளம்புறீங்களா? மாப்பிள்ளைகூடக் கேட்கிறார். அஞ்சலைக்கு அந்தக் கேள்வி கடல் தாண்டிப் போய்விட்டதில் கொஞ்சம் பெருமை.

போன ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எனக்கு நெஞ்சில் சுருக்கென்று பிடித்தது. கட்டியிருந்த கைலியோடு, செருப்பு மாட்டாமல், குடையில்லாமல் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக்காரர் காரில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள், இல்லை. காப்பீட்டு அட்டை கேட்டார்கள், இல்லை. கண்ணாடியும் இல்லை, பேனாவும் இல்லை. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். மணி பார்க்கலைங்க என்றேன். பார்த்துவிட்டு வாயுத் தொல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வித்யா இதை மஸ்கட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாளாம். எங்கப்பா, எங்கப்பாவே, மணி பார்க்கலையாம் என்று ஆரம்பித்தால் அவளுக்கே சிரிப்புத் தாங்காது. ஊருக்கு வந்தால் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டும் சொல்கிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள், அஞ்சலை சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை நான் மணி பார்த்திருக்கிறேன் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் சிரித்து முடித்ததும் யாராவது எழுந்து காப்பி போடப் போய்விடுகிறார்கள்.